கோவணத் துணியும் டயப்பரும்: சொல்லப்படுவதும் உள்ளதும்

அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிய ஒரு துண்டு வேட்டித் துணி. தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பிள்ளைகள் இதைக் கட்டித்தான் வளர்ந்தார்கள். நனைந்தால் உருவிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகுவார்கள். பிறகு நாடா வைத்துத் தைத்த நாப்கின் வந்தது. அதன் பிறகு டயப்பர். இப்போது பட்டன் வைத்த துணி டயப்பர் கிடைக்கிறது: வெளியே நீர் கசியாத உறை, உள்ளே மடித்து வைக்கப் பருத்திப் பட்டை. வேலைக்குப் போகும் இளம் பெற்றோர் பலர் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

அவர்கள் துணிக்குத் திரும்புவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களைவிட வேகமாகப் பரவுவது டயப்பரைப் பற்றிய பயமுறுத்தல்தான். நான் துணியின் பக்கம் நிற்பவள். அதனாலேயே இந்தப் பயமுறுத்தல்கள் எனக்கு உறுத்துகின்றன. துணிக்குச் சாதகமாகச் சொல்லப்படும் பொய்களும் உண்டு, டயப்பருக்குச் சாதகமாகச் சொல்லப்படும் பொய்களும் உண்டு. இரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது.

"டயப்பர் போட்டால் கால் வளைந்துவிடும்"

நம் வீடுகளில் அதிகம் கேட்கும் எச்சரிக்கை இதுதான். கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் பிறக்கும்போது பிள்ளைகளுக்குக் கால் சற்று வளைந்துதான் இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதில் தானாக நிமிரும். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயும். ஏழு வயதை ஒட்டிப் பெரும்பாலும் நேராகிவிடும். இதில் டயப்பருக்கும் பங்கில்லை, துணிக்கும் பங்கில்லை. இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு குறையவில்லை என்றாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். டயப்பர்மேல் பழியைப் போட்டுவிட்டு அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

நடையைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 2012இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 குழந்தைகளை மூன்று விதமாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள்: ஒன்றும் கட்டாமல், மெல்லிய டயப்பரோடு, தடித்த துணியோடு. ஒன்றும் கட்டாதபோதுதான் பிள்ளைகள் நன்றாக நடந்தார்கள். டயப்பர் கட்டியபோது கால் அகன்றது, தடுமாற்றமும் விழுவதும் கூடின. தடித்த துணியிலும் அப்படித்தான். துணி என்பதற்காக அதற்குச் சலுகை இல்லை. நடை பழகும் வயதில் வீட்டுக்குள் கொஞ்ச நேரமாவது எதுவும் கட்டாமல் விடுவதே மேல். கால் விஷயத்தில் உண்மையில் பயப்பட வேண்டியது, இடுப்பு மூட்டுக்குக் கெடுதல் செய்யும் வேறொன்று: பச்சைக் குழந்தையின் இரண்டு கால்களையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுகச் சுற்றுவது.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களை வேறு விதமாகப் பயமுறுத்துகிறார்கள். டயப்பர் போட்டால் பிற்காலத்தில் ஆண்மை போய்விடும் என்கிறார்கள். இதற்கு ஒரு நுனி உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர்கள், டயப்பர் கட்டும்போது ஆண் குழந்தைகளின் விரைப்பையில் துணி கட்டும்போது இருப்பதைவிடச் சூடு சற்றுக் கூடுதல் என்று அளந்து வெளியிட்டார்கள். வித்தியாசம் சுமார் 1 டிகிரி செல்சியஸ். அவர்கள் அளந்தது சூட்டை மட்டுமே. அந்தப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குறை வந்ததாக யாரும் நிறுவவில்லை. எங்கள் ஊர் வெயிலில் பகல் முழுவதும் டயப்பரைக் கட்டியே வைத்திருக்காமல் இருப்பது நல்லது என்று சொல்ல இது போதும். அதற்குமேல் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

"துணி கட்டினால் புண் வராது"

வரும். ஈரம் எங்கே தங்குகிறதோ அங்கே புண் வரும். மலமும் மூத்திரமும் கலந்து நிற்கும்போது மூத்திரத்தில் உள்ள யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. தோலின் அமிலத்தன்மை குறைகிறது, மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்கத் தொடங்குகின்றன. அதன்மேல் துணியோ டயப்பரோ உரசினால் சிவந்து போகிறது. பூஞ்சை சேர்ந்தால் மடிப்புகளில் பொட்டுப் பொட்டாய்ப் பரவுகிறது.

இன்றைய டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள் ஈரத்தை இழுத்து, ஊறிய ஜவ்வரிசிபோல ஜெல்லாக உப்பி, தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தோல் காய்ந்தே இருக்கும். நனைந்த துணியை இரண்டு மணி நேரம் மாற்றாமல் விட்டால் துணிக்காரப் பிள்ளைக்குத்தான் முதலில் புண் வரும். புண்ணைத் தடுக்க இரண்டில் எது மேல் என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட மறுஆய்வின் முடிவு.

துணிக்கு உள்ள அனுகூலம் வேறு. நனைந்தது உடனே தெரியும், மாற்றியே ஆக வேண்டும். டயப்பரில் அந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. தெரியாததால் எட்டு மணி நேரம் அப்படியே கிடக்கிறது. முதல் மாதங்களில் இந்த ஈரம் இன்னொரு கணக்கையும் சொல்லும். தாய்ப்பால் போதுகிறதா என்று கலங்காத புதுத் தாய் உண்டா? பிறந்து ஐந்து நாள் ஆனபின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது பிள்ளை மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். துணி கட்டும் வீட்டில் கொடியைப் பார்த்தே இதை எண்ணிவிடலாம். ஜெல் உறிஞ்சிய டயப்பரில் எண்ணுவது கடினம். பிறந்த புதிதில் மட்டுமாவது துணி கட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

புண் வந்த இடத்தில் பவுடர் கொட்ட வேண்டாம். டால்க் தூள் மூச்சுக்குழலுக்குள் போனால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றில் ஆறவிட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவினால் பெரும்பாலும் ஆறிவிடும்.

"டயப்பரில் இருப்பதெல்லாம் விஷம்"

டயப்பருக்குள் இருக்கும் ஜெல்லில் கொஞ்சம் பிள்ளை வாய்க்குள் போய்விட்டால் நஞ்சாகாது. தொண்டையில் அடைக்காமல் பார்த்தால் போதும். மிகை உறிஞ்சும் டாம்பன்களால் 1980 வாக்கில் அமெரிக்கப் பெண்களுக்கு வந்த நச்சு அதிர்ச்சி நோயை டயப்பரோடு முடிச்சுப் போடுவதும் தவறு. கவலைப்பட வேண்டிய இடம் வேறு: வாசனைப் பொருள்கள், வெளுக்கும் முறையிலும் மூலப்பொருளிலும் ஒட்டிவரும் மிச்சங்கள். 2019 ஜனவரியில் பிரான்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, அங்கே விற்ற டயப்பர்களைச் சோதித்து, சில வேதிப்பொருள்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருப்பதாக அறிவித்தது. உற்பத்தியாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அரசு கெடு விதித்தது. வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குவது இங்கே எல்லோராலும் முடிந்த காரியம்.

"பழைய துணி எதுவானாலும் பிள்ளைக்கு நல்லது"

இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பிரசவத்துக்குப் பையைக் கட்டும்போது பீரோவின் அடியில் மடித்து வைத்த பழைய வேட்டியையும் நூல் புடவையையும் எடுப்போம். மெத்தென்று இருக்கும், தோலுக்கு இதம். ஆனால் அவற்றின் நடுவே பாச்சை உருண்டை போட்டிருப்போம். அந்த நாப்தலின் ஆவி துணியில் ஏறி, பிள்ளையின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறை தன் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. மருத்துவ நூல்களில் பல பத்தாண்டுகளாகப் பதிவான ஆபத்து இது. பாச்சை உருண்டை வைத்த துணியை ஒருமுறை உதறிவிட்டுக் கட்டாதீர்கள். பிரசவத்துக்கு எடுத்து வைக்கும் துணியை, உருண்டையே காட்டாத வேறு பெட்டியில் வையுங்கள்.

"துணி என்றால் அசுத்தம், டயப்பர் என்றால் சுத்தம்"

பால்குடிப் பிள்ளையின் மலம் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உண்மையில் ரோட்டாவைரஸ் போன்ற கிருமிகள் அதில் வெளியேறும். பிறந்தவுடனும் 6, 10, 14 வாரங்களிலும் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தின் வைரஸும் சில வாரம் மலத்தோடு போகும். ஆகவே எதைக் கட்டினாலும் மலம் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துணி கட்டுபவர்கள் வேறு வழியில்லாமல் இதைச் செய்கிறார்கள். டயப்பர் கட்டுபவர்களில் பெரும்பாலோர் மலத்தோடு சுருட்டிக் குப்பையில் போடுகிறார்கள். சுத்தம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இதிலிருந்து பார்க்க வேண்டும்.

துவைக்கும் முறை எளிது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு அலசி, மூடாத வாளியில் போட்டு வையுங்கள். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவிட்டால் நாற்றமும் கிருமியும் பெருகும். சோப்பு போக நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். கிருமிநாசினித் திரவம் துணியில் தங்கினால் தோல் எரியும். துணியை மெதுவாக்கும் கண்டிஷனர் ஊற்றினால் துணி ஈரத்தை உறிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருத்திப் பட்டையை இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம். நீர் கசியாத உறையில் மட்டும் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது.

"துவைக்கிற தண்ணீரையும் கரண்டையும் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்"

2019 கோடையில் சென்னையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களிடம் துணியைத் துவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு டயப்பர்தான் சரி. ஆனால் "இரண்டும் ஒன்றுதான்" என்ற வாதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் ஒரு கணக்கு வெளியிட்டது. இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு டயப்பரால் சுமார் 550 கிலோ, துணியால் சுமார் 570 கிலோ கார்பன் உமிழ்வு. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுவது இந்த இரண்டு எண்கள்தான். அதே அறிக்கை தொடர்ந்து சொன்னதை யாரும் சொல்வதில்லை: இயந்திரம் நிறையத் துவைத்து, கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் துணியின் உமிழ்வு 40 விழுக்காடு குறையும். எப்போதும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் எகிறும். 2023இல் வந்த புதிய பிரிட்டிஷ் கணக்கு, துணியின் உமிழ்வு டயப்பரைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு என்கிறது.

அங்கே "இப்படிச் செய்தால்" என்று நிபந்தனையாகச் சொல்லப்பட்டதெல்லாம் தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பது. பச்சைத் தண்ணீர்த் துவையல், மொட்டைமாடிக் கொடி, அக்கா பிள்ளையின் துணி தங்கை பிள்ளைக்கு. குளிர்நாட்டுக் கணக்கை வாங்கி இங்கே துணிக்கு எதிராகப் பேசுவது பொருந்தாது.

பணக் கணக்கிலும் நேர்மை வேண்டும். டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளைக்கு 6 என்று வைத்தால் மாதம் 1,800, இரண்டரை ஆண்டில் 54,000 ரூபாய். 500 ரூபாய்த் துணி டயப்பர் 20 வாங்கினால் 10,000. சோப்பு, கரண்ட் சேர்த்தாலும் மிச்சம் பெரிது. ஆனால் இரவுக்கு மட்டும் ஒரு டயப்பர் போடும் வீட்டுக்கு இரண்டரை ஆண்டில் 9,000தான் ஆகும். அந்த வீடு விலையுயர்ந்த துணி டயப்பர் அடுக்கை வாங்கினால் மிச்சம் எதுவும் இல்லை. அவர்களுக்குப் பழைய வேட்டியே போதும்.

"சுருட்டிப் போட்டால் தீர்ந்தது"

டயப்பர் மக்க 500 ஆண்டு ஆகும் என்பார்கள். சென்ற நூற்றாண்டில் சந்தைக்கு வந்த பொருள் 500 ஆண்டு கிடப்பதை யாரும் பார்த்திருக்க முடியாது. அந்த எண் ஓர் ஊகம். பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் நம் பேரப்பிள்ளைகள் காலம் தாண்டியும் கிடக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. மக்கும் டயப்பர் என்று விற்பதும் சென்னையின் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குப் போனால் மக்காது. அதற்கு வேண்டிய சூடும் காற்றும் அங்கே கிடையாது.

எனக்கு 500 ஆண்டைவிட நாளைக் காலை முக்கியமாகப்படுகிறது. நாளைக் காலை நம் குப்பைப் பையைத் தெருவில் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர் ஒருவர், பல இடங்களில் பெண், பல நேரங்களில் கையுறை இல்லாமல். கறிவேப்பிலைத் தண்டுக்கும் பால் கவருக்கும் நடுவே நம் பிள்ளையின் மலம் அவர் கையில் படுகிறது. பிள்ளை நம்முடையது, அந்த வேலை மட்டும் அவருடையதா? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்று வகைப்படுத்தி, சுற்றிக் கொடுக்க உறை தரும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. சுற்றித் தரும் பொறுப்பு வீட்டாருடையது. துணியைத் தேர்ந்த பெற்றோர் சொல்லும் காரணங்களில் எனக்கு மிகவும் மதிப்பானது இதுதான்: எங்கள் பிள்ளையின் மலத்தை நாங்களே கழுவிக்கொள்கிறோம்.

"நாங்களே" என்பதில் அப்பாவும் அடங்க வேண்டும். பிரசவித்த உடம்போடு ஒருத்தி மட்டும் குனிந்து பத்துத் துணி கசக்குவதை இயற்கை வாழ்க்கை என்று புகழ முடியாது. துவைக்க வீட்டில் இன்னொரு கை இல்லையென்றால், அந்தத் தாய் டயப்பர் போடுவதை யாரும் குறை சொல்லக் கூடாது.

பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்று பல வீடுகள் நடத்துகின்றன. அது நல்ல ஏற்பாடு. டயப்பரைக் கழற்றியதும் மலத்தைக் கழிப்பறையில் தட்டி, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி அதன் நாடாவாலேயே ஒட்டி, பழைய செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் பெரிதாக ஒரு பொட்டு வையுங்கள். புனேவிலும் பெங்களூரிலும் இந்தச் சிவப்புப் பொட்டு வழக்கம் பரப்பப்பட்டிருக்கிறது. மற்ற குப்பையோடு சேர்க்காமல் கையில் தனியாகக் கொடுத்தால், வாங்குகிறவர் அதைப் பிரிக்க வேண்டியதில்லை.