முப்பதாம் நூற்றாண்டில் ஒரு புது வாசகன்

'லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' படிக்கப் போகிறேன் என்று காமிக்ஸ் பழக்கமுள்ள யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைப்பது எச்சரிக்கைதான். இருபது முப்பது பேர் கொண்ட குழு. 1958-இல் தொடங்கிய கதை. இடையில் சிலமுறை எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். உனக்கு ஒன்றும் புரியாது. இந்தத் தகவல்கள் எல்லாம் சரி. ஆனால் 'அதனால் படிக்காதே' என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். புரியாமலே உள்ளே போகலாம். அப்படிப் போகிறவனைத்தான் இந்தக் காமிக்ஸ் மிக அன்பாக வரவேற்கிறது என்பது என் அனுபவம்.

லீஜியன் என்பது டிசி காமிக்ஸின் எதிர்காலக் கதை. நம் காலத்துக்கு ஆயிரம் வருடம் தள்ளி, பல கிரகங்கள் ஒன்றுகூடி ஒரே கூட்டமைப்பாக வாழும் காலம். ஒவ்வொரு கிரகத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் சேர்ந்து அமைத்த காவல் குழு இது. 1958 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247-ஆம் இதழில், ஆட்டோ பைண்டர் எழுத, அல் பிளாஸ்டினோ வரைய, மூன்று பேர் ஸ்மால்வில் ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். காந்தத்தை ஆளும் காஸ்மிக் பாய், மனதைப் படிக்கும் சாட்டர்ன் கேர்ள், மின்னலை ஏவும் லைட்னிங் பாய் (பின்னாளில் இவன் பெயர் லைட்னிங் லாட் ஆனது). சிறுவன் சூப்பர்மேனை, அதாவது சூப்பர்பாயை, எதிர்காலத்துக்கு அழைத்துப் போய்ப் போட்டி வைக்கிறார்கள். அவன் தோற்கிறான். பிறகுதான் தெரிகிறது, தோல்வியை எப்படித் தாங்குகிறான் என்று பார்க்க வைத்த சோதனை அது என்று. அந்த ஒரு கதையோடு முடிந்திருக்க வேண்டிய குழு, வாசகர்கள் கேட்டுக் கேட்டு மறுபடி மறுபடி வந்து, 1962-இல் அதே பத்திரிகையில் தனித் தொடராகிவிட்டது.

அந்தச் சின்னக் கதையில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. தன் ஊரில் சக்தியை மறைத்து, கண்ணாடி போட்டு, யாரிடமும் உண்மை பேசமுடியாமல் வாழும் பையன் அவன். அவன் ரகசியம் தெரிந்த நண்பர்கள் கடைசியில் கிடைக்கிறார்கள். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு அப்பால். அங்கே அவன் ஒப்பற்றவன் அல்ல, பலரில் ஒருவன். அந்த இறக்கம் அவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றே ஒன்று: 'தி கிரேட் டார்க்னஸ் சாகா'. 1982-இல் 290 முதல் 294 வரையிலான ஐந்து இதழ்களில் வந்த கதை. பால் லெவிட்ஸ் எழுத, கீத் கிஃபென் வரைந்தது. தனிப் புத்தகமாகத் தொகுத்தும் வந்திருக்கிறது. வாங்கும்போது அட்டையை உற்றுப் பார்க்காதீர்கள், பின்னட்டைக் குறிப்பையும் படிக்காதீர்கள். வில்லன் யார் என்பதைக் கதை கடைசிக் கட்டம் நெருங்கும்வரை ஒளித்து வைக்கிறது. மறுபதிப்பின் அட்டையோ அதைப் போட்டு உடைத்துவிடுகிறது. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. நிழலில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் அனுப்பும் அடியாட்களின் முகங்களில் ஏதோ பழைய சாயல் தெரிகிறது என்ற அளவோடு உள்ளே போங்கள்.

முதல் பக்கங்களில் திணறல் இருக்கும். இருக்கட்டும். பெண்வீட்டுக் கல்யாணத்துக்கு முதன்முறை போகிறவன் மாதிரி இருந்துவிடுவது நல்லது. யார் யாருக்கு என்ன உறவு என்று அங்கே யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. பந்தியில் ஓடுகிறவர் யார், மூலையில் கோபித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று பார்த்துப் பார்த்தே சாயங்காலத்துக்குள் பாதி உறவு பிடிபட்டுவிடும். லெவிட்ஸ் இதைத் தெரிந்தே எழுதுகிறார். ஓர் ஆள் கதைக்குள் வரும்போது சின்னப் பெட்டிக்குள் அவன் பெயர், ஊர், சக்தி மூன்றையும் சொல்லிவிடுகிறார். அவசரத்தில் அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் போகாதீர்கள். கலைக்களஞ்சியத்தையும் இணையத்தையும் அந்த ஐந்து இதழ் முடியும்வரை திறக்காதீர்கள். ஒரு பெயரைத் தேடப்போனால் அவன் எப்போது சாவான் என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, எல்லோரையும் பிடித்துவைக்க முயல வேண்டாம். மூன்று முகங்கள் போதும். நான் பிடித்துக்கொண்டது பிரெய்னியாக் 5, வைல்ட்ஃபயர், டான்ஸ்டார். பச்சைத் தோல்காரன் பிரெய்னியாக் 5, சூப்பர்மேனின் பரம எதிரி வம்சத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நல்லவனாக வாழ்கிறவன். அறிவு அதிகம், பொறுமை குறைவு. வைல்ட்ஃபயருக்கு உடம்பே கிடையாது. விபத்தில் உடல் அழிந்து, வெறும் ஆற்றலாக ஒரு கவச உடைக்குள் அடைபட்டிருக்கிறான். சிறகுள்ள டான்ஸ்டார், அண்டவெளியில் எந்தத் தடத்தையும் பின்தொடரக்கூடியவள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. தொடுவதற்கு அவனிடம் கை இல்லை, கையுறை மட்டுமே இருக்கிறது. இதை விளக்க லெவிட்ஸ் தனி அத்தியாயம் எழுதவில்லை. சண்டைகளுக்கு இடையே ஒரு கட்டம், இரண்டு வசனம், அவ்வளவுதான். இந்த மூவரையும் தேடிக்கொண்டே போனபோது மற்றவர்கள் தாமாகவே அறிமுகமானார்கள்.

என் அக்கா மகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தபோது பாதியிலேயே கேட்டாள்: "மாமா, இதுல ஹீரோ யாரு?" முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பு, அங்கே ஒற்றை ஆள் எல்லாவற்றையும் முடிப்பான். அவளுக்கு நான் பதில் சொல்லாமல், கடைசி அத்தியாயம்வரை போகச் சொன்னேன். அங்கே ஒரு கிரகத்து மக்கள் அத்தனை பேரும் சூப்பர்மேனின் வலிமை பெற்று எதிரியின் பிடியில் சிக்கியிருக்கிறார்கள். அவர்களைத் தனி ஆள் தடுக்க முடியாது. லீஜியன் என்ன செய்கிறது? ஓய்வுபெற்றவர்கள், திருமணமாகி விலகியவர்கள், வேறு கிரகத்துச் சின்னக் குழுக்கள், ஒருகாலத்தில் தாங்களே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் என எல்லோரையும் கூப்பிடுகிறது. கூட்டம்தான் ஆயுதம். அத்தனை பெயர்களை வாசகன்மேல் கொட்டியதற்கான காரணம் அந்தப் பக்கங்களில்தான் விளங்கும்.

இதற்குப் பிறகு பழைய கதைகளுக்குப் போகலாம். முதலிலேயே போனால் 1960-களின் நேரடியான வசனமும் விறைத்து நிற்கும் உருவங்களும் பலரைத் தள்ளிவிடும். பின்னால் போனால் நிலைமை வேறு. 1982 கதையில் வரும் ஒரு தம்பதியை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்: லைட்னிங் லாட், சாட்டர்ன் கேர்ள். இப்போது 1963-க்குப் போங்கள். குழுவில் ஒருவர் சாகப்போகிறார் என்று சாட்டர்ன் கேர்ளுக்குத் தெரியவருகிறது. தலைவி பதவியைப் பிடித்து, மற்றவர்கள் யாரும் சக்தியைப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவிட்டு, சாவைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாள். அதைக் கண்டுபிடித்த லைட்னிங் லாட் முந்திக்கொண்டு செத்துப்போகிறான். சில மாதம் கழித்து அவனை மீட்க வழி தெரிகிறது. ஆனால் இன்னொருவர் உயிரைக் கொடுக்க வேண்டும். அதற்கும் அவளே துணிகிறாள். அவளுடைய உருவத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பதில் உயிர் விடுவது புரோட்டி என்ற வளர்ப்புப் பிராணி. பிள்ளைகளுக்கான பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு இதையெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள்! பின்னால் நடந்த கல்யாணம் தெரிந்தபிறகு இந்தக் கதையைப் படித்ததால்தான் என் கண் கலங்கியது.

அடுத்து ஜிம் ஷூட்டர். பிட்ஸ்பர்க்கில் எஃகுத் தொழிலாளி வீட்டுப் பையன். பதின்மூன்று வயதில், குடும்பத்துக்குப் பணம் வேண்டுமென்று லீஜியன் கதைகளை எழுதி, பக்கங்களையும் தானே கோட்டுப்படமாகப் போட்டு டிசிக்கு அனுப்பினான். 1966-இல் அவை அச்சேறத் தொடங்கின. சூரியன்களை விழுங்கும் மேகத்தின் நடுவே யாராவது வெடிகுண்டைக் கொண்டுபோக வேண்டும் என்ற 1967 கதையில், சூப்பர்பாயை முந்திக்கொண்டு ஃபெரோ லாட் பறந்துபோய்ச் சாகிறான். அது அச்சில் வந்தபோது ஷூட்டருக்குப் பதினைந்து வயது. அந்த வயதுக்காரன் எழுதியது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இதை நான் பாராட்டாகச் சொல்கிறேன். நட்பு, பொறாமை, தியாகம் எல்லாம் அந்த வயதுக்கே உரிய முழு உக்கிரத்தோடு இருக்கின்றன.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் லீஜியனில் இல்லாதவர்கள். இந்தக் குழுவில் சேர விண்ணப்பம் போட்டு, தேர்வுக்கு வர வேண்டும், பெரும்பாலோர் நிராகரிக்கப்படுவார்கள். 1963-இல் எட்மண்ட் ஹாமில்டன் எழுதி ஜான் ஃபோர்ட் வரைந்த கதையில், அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து பேர் சந்தித்துக்கொள்கிறார்கள். குளிரைப் பரப்பும் போலார் பாய். இருட்டில் மட்டும் பலம் வரும் நைட் கேர்ள். கல்லாக மாறக்கூடிய, ஆனால் மாறினால் அசைய முடியாத ஸ்டோன் பாய். நெருப்பைக் கக்கும் ஃபயர் லாட். செடிகொடிகளை மளமளவென்று வளரவைக்கும் குளோரோஃபில் கிட். ஊருக்குத் திரும்பிப் போய்த் தோல்வியைச் சொல்ல அவர்களுக்கு மனமில்லை. லீஜியனுக்கு நேரமில்லாத இடங்களில் நாம் நிற்போம் என்று மாற்று வீரர்களாக ஒரு குழு தொடங்குகிறார்கள். பூமியைக் காப்பாற்றிவிட்டு அதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் இந்தக் கதையைத் தவறவிடக்கூடாது. பிற்காலத்தில் இவர்களைச் சிரிப்புக்கான பாத்திரங்களாக ஆக்கிவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் கதையில் அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. போலார் பாய் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1980-களில், லீஜியனில் சேர்ந்து அதற்குத் தலைவனாகவும் ஆகிறான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்தச் செய்தி காதில் விழுந்தபோது சொந்தப் பையன் வேலையில் உயர்ந்ததைக் கேட்டது போன்ற சந்தோஷம் எனக்கு.

மறுதொடக்கங்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை. 1986-இல் சூப்பர்மேனின் கதையைத் திருத்தி எழுதியபோது அவனுக்குச் சூப்பர்பாய்ப் பருவமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். லீஜியனுக்கு அடித்தளம் போனது. அதை ஒட்டுப்போட ஆரம்பித்ததில்தான் சிக்கல் பெருகியது. 1994-இல் ஒருமுறை முழுசாகப் புதிதாகத் தொடங்கினார்கள், 2004-இல் இன்னொரு முறை. அந்த இரண்டாவதை மார்க் வெய்டும் பாரி கிட்சனும் செய்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பெரியவர்கள் இளைஞர்களைக் கண்காணிக்கும் உலகம் அது. லீஜியன் அங்கே ஓர் இளைஞர் இயக்கமாகவே மாறியிருக்கும். ஒவ்வொன்றையும் தனிக் கதையாக எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. 1989-இல் தொடங்கிய 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு' காலகட்டத்தை மட்டும் தள்ளிவையுங்கள். குழு கலைந்து, பூமி அன்னியர் பிடியில் இருக்க, பக்கத்துக்கு ஒன்பது கட்டமாக இருண்டு நகரும் அந்தக் கதை, இவர்களின் பழைய சிரிப்பைப் பார்த்தவர்களுக்கே வலிக்கும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பழைய எதிர்காலத்தில் பச்சை நிறத்தவன் இருக்கிறான், ஆரஞ்சு நிறத்தவன் இருக்கிறான், நீல நிறத்தவள் இருக்கிறாள். கறுப்பு மனிதர் ஒருவரும் இல்லை. முகமூடியோடு வரும் ஃபெரோ லாட்டைக் கறுப்பு இளைஞனாகவே தான் நினைத்திருந்ததாகவும், ஆசிரியர் மார்ட் வைசிங்கர் அனுமதிக்கவில்லை என்றும் ஷூட்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் கறுப்பு உறுப்பினர் டைராக் வந்தது 1976-இல். அதுவும் எப்படி? பூமியிலிருந்து விலகி வாழும் ஒரு தீவில் கறுப்பு மக்கள் தனியாக இருந்தார்கள் என்ற விளக்கத்தோடு. எல்லாக் கிரகங்களும் கைகோத்த உலகத்தைக் கனவு காண முடிந்தவர்களுக்குப் பக்கத்துத் தெருவைக் காண முடியவில்லை. பிடித்துப்போன தொடர் என்பதற்காக இதை விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பிடித்ததால்தான் உறுத்த வேண்டும். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, ரையன் சூக் வரைந்து 2019-இல் தொடங்கிய பதிப்பில் லைட்னிங் லாட் கறுப்பு இளைஞன். அந்தப் பதிப்பின் கதையோட்டத்தைப் பற்றி எனக்குச் சில குறைகள் உண்டு, ஒரே நேரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் சூக் வரைந்த கூட்டக் காட்சிகளில் ஒவ்வொரு முகமும் வேறு வேறு ஊரிலிருந்து வந்திருக்கிறது. டார்க்னஸ் சாகாவை முடித்துவிட்டு அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். பெயர் தெரியாத பலரை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.