வொஷிங்டன்: ஒரு கிராமத்தின் பெயர் கடல் கடந்த கதை

கடந்த வருடம் ஆங்கிலப் பரீட்சை ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது ஓரிடத்தில் என் கை நின்றுவிட்டது. 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. என் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துகள் உள்ளன. முதல் இரண்டும் வாப்பாவின் பெயரிலிருந்து வந்தவை. மூன்றாவது 'பாத்திமா'. இவற்றில் எது குடும்பப் பெயர்? வாப்பாவிடம் கேட்டேன். "என்ட பேரப் போடுங்க மகள்" என்றார். போட்டேன். சில நாட்களில் வந்த மின்னஞ்சலில் 'அன்புள்ள செல்வி' என்று எழுதி வாப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் அந்தக் கட்டம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனபோது 'வொஷிங்டன்' என்ற ஒரேயொரு பெயரின் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. அதையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர்கள் பிறந்த விதம்

ஆங்கிலேயரும் ஆதியில் ஒற்றைப் பெயருடன்தான் வாழ்ந்தார்கள். 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், நில உரிமையாளர்களிடையே பரம்பரைப் பெயர் வைக்கும் வழக்கம் வேரூன்றியது. 1400 ஆம் ஆண்டளவில் அது சாதாரண மக்களில் பெரும்பாலானோரிடமும் பரவியிருந்தது. ஒரே ஊரில் பத்து ஜோன்கள் இருந்தால் வரி எழுதுபவருக்கு எந்த ஜோன் என்று தெரிய வேண்டுமல்லவா?

இப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். தொழிலால் வந்தவை ஒரு வகை. 'ஸ்மித்' என்றால் கொல்லர், 'பேக்கர்' என்றால் ரொட்டி சுடுபவர். தந்தையின் பெயரால் வந்தவை இரண்டாம் வகை. 'ஜோன்சன்' என்பது ஜோனின் மகன். தோற்றம், குணம் பற்றிய பட்டப் பெயர்கள் மூன்றாம் வகை. 'பிரவுண்', 'ஷோர்ட்' என்பன அப்படிப்பட்டவை. நான்காவது, ஊராலும் இடத்தாலும் வந்த பெயர்கள். வொஷிங்டன் இந்த வகையைச் சேர்ந்தது.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் நகருக்கு அண்மையில் வொஷிங்டன் என்றோர் ஊர் இன்றும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் பண்ணை அல்லது குடியிருப்பு. அதுவே இன்று பல ஊர்ப் பெயர்களின் இறுதியில் 'டன்' என நிற்கிறது. 'ஹ்வாசா' என்ற ஒருவரின் ஆட்களுடைய குடியிருப்பு என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருள் என்கின்றனர் அறிஞர்கள். காத்தான்குடி என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது.

1183 ஆம் ஆண்டளவில் வில்லியம் என்ற பிரபு தன் பழைய நிலத்தை டர்ஹம் ஆயரிடம் மாற்றிக்கொண்டு இவ்வூரைப் பெற்றார். அதன் பின் ஊரின் பெயரே அவருக்கும் அவரது சந்ததிக்கும் பெயரானது. ஊரை விட்டுப் போனவர்களும் ஊரின் பெயரை விடவில்லை.

கடலைத் தாண்டியது

இக்குடும்பத்தின் ஒரு கிளை தெற்கு நோக்கி நகர்ந்தது. லோரன்ஸ் வொஷிங்டன் என்ற கம்பளி வணிகர் நோர்தம்ப்டன் நகரின் மேயராக இருந்தவர். எட்டாம் ஹென்றி மன்னன் துறவி மடங்களை மூடி அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539 இல் சல்கிறேவ் என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

அவர் வழியில் வந்த இன்னொரு லோரன்ஸ் எசெக்ஸ் பகுதியில் மதகுருவாக இருந்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643 இல், மன்னருக்கு எதிரான தரப்பினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். குடும்பம் வறுமையில் விழுந்தது. அவருடைய மகன் ஜோன், புகையிலை ஏற்றும் வணிகக் கப்பலொன்றில் வேலைக்குச் சேர்ந்து அமெரிக்காவின் வேர்ஜீனியாவுக்குப் போனார். 1657 இல் திரும்பும் வேளையில் பொட்டோமக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. ஜோன் அங்கேயே தங்கி, ஆன் போப் என்ற பெண்ணை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். தரைதட்டிய அந்தக் கப்பலோடுதான் ஒரு பெயர் கண்டம் மாறியது. ஜோனின் கொள்ளுப்பேரன்தான் 1732 இல் பிறந்த ஜோர்ஜ் வொஷிங்டன், ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி.

இதுவரை நாம் பாடப் புத்தகத்தில் எதிர்பார்க்கக்கூடிய கதைதான். இனி வருவதே என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

பெயரைச் சுமந்தவர்கள்

ஜோர்ஜ் வொஷிங்டனுக்குப் பதினொரு வயதில் தந்தை இறந்தார். அப்போது அவருக்குக் கிடைத்த சொத்தில் பத்து அடிமைகளும் அடங்குவர். 1799 இல் அவர் மரணித்தபோது அவரது மவுண்ட் வேர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் அவருக்கே உரிமையான 123 பேருக்கு விடுதலை அளிக்குமாறு மரண சாசனத்தில் எழுதியிருந்தார். ஏனையோரில் பெரும்பாலானவர்கள் அவர் மனைவியின் முதல் கணவருடைய சொத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

அவருடைய அடிமைகளில் ஹரி என்ற ஒருவர் மேற்கு ஆபிரிக்காவின் கம்பியாப் பகுதியில் பிறந்தவர். சுதந்திரத்துக்காகத் தன் எஜமானர் போராடிக்கொண்டிருந்த 1776 இல், தன் சுதந்திரத்தைத் தேடி அவர் பண்ணையை விட்டு ஓடிப் பிரித்தானியப் படையுடன் சேர்ந்தார். 1783 இல் கப்பலேறிக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும், 1792 இல் மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனுக்கும் போனார். அங்கு 1800 இல் நடந்த கிளர்ச்சியில் பங்கெடுத்து நாடு கடத்தப்பட்டார். இத்தனை பயணத்திலும் அவர் பெயர் ஹரி வொஷிங்டன். டர்ஹம் கிராமத்தின் பெயர் ஓர் ஆபிரிக்கரோடு ஆபிரிக்கா போய்ச் சேர்ந்தது.

1865 இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. புக்கர் என்ற சிறுவன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனான். இடாப்புக் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்தான். தனக்கோ ஒன்றுதான். தன் முறை வந்ததும் சற்றும் தயங்காமல் "புக்கர் வொஷிங்டன்" என்றான். வொஷிங்டன் என்பது அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர். அந்தச் சிறுவனே பின்னாளில் 1881 இல் டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவரான புக்கர் ரி. வொஷிங்டன்.

விடுதலை பெற்றோர் எல்லோரும் எஜமானரின் பெயரையே எடுத்தார்கள் என்று நாம் நினைப்பது தவறு. பலர் தாமே பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் பலர் எஜமானருக்குத் தெரியாமல் தமக்குள் குடும்பப் பெயர்களை வைத்திருந்தார்கள். நாட்டின் முதல் ஜனாதிபதியின் பெயரை எடுத்தவர்கள் 'இந்த நாடு எங்களுடையதும்தான்' என்று சொல்ல நினைத்திருக்கலாம். ஜோர்ஜ் வொஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் வொஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உடையவர்கள் 1 இலட்சத்து 63 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் கறுப்பினத்தவர். ஓர் ஆங்கிலப் பிரபு தன் நிலத்திலிருந்து எடுத்த பெயரை, நிலமே இல்லாதவர்கள்தான் இன்று வாழவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரை மறுத்தவர்

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவுமில்லை. குத்துச்சண்டை வீரர் கசியஸ் கிளே 1964 இல் உலகச் சம்பியனானார். உடனடியாகத் தன் பழைய பெயரை அடிமைப் பெயர் என்று கூறி விலக்கினார். அவரே முகம்மத் அலி. அந்தப் பழைய பெயரோ அடிமை முறையை எதிர்த்த வெள்ளையர் ஒருவருடையது. நல்லவரின் பெயராயினும் தனக்குப் பெயர் வைக்கும் உரிமை தன்னிடமே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். புக்கர் ஒரு பெயரை எடுத்ததும் அலி ஒரு பெயரை விட்டதும் ஒரே காரணத்துக்காகத்தான் என எனக்குத் தோன்றுகிறது.

இதை வாசித்தபோது ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். சிறுவயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட அவர்களை நபி (ஸல்) அவர்கள் விடுதலை செய்து தம் மகனைப் போல வளர்த்தார்கள். மக்கள் 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்தனர். பின்னர், வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்குர்ஆனின் அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை வந்தது. அவர்கள் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்கள். எவ்வளவு சிறந்த பெயரால் அழைக்கப்பட்டாலும், சொந்தத் தந்தையின் பெயர் ஒருவருடைய உரிமை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

நம் பெண்கள் திருமணத்தின் பின்னரும் தந்தையின் பெயரை விடுவதில்லை. உம்மாவின் அடையாள அட்டையில் அப்பாவின் பெயரே, அதாவது என் மூத்தவாப்பாவின் பெயரே இருக்கிறது. இதை நான் இதற்கு முன் கவனித்ததில்லை.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தை இனியும் பல தடவை நிரப்ப வேண்டி வரும். வாப்பாவின் பெயரைத்தான் எழுதுவேன். அதைக் கேட்டு எழுத எனக்கு வாப்பா இருக்கிறார். இடாப்புக் கூப்பிடும் வேளையில், கேட்பதற்கு ஆளில்லாமல் தனக்கொரு பெயரைத் தானே தேடிய அந்தச் சிறுவனையும் அப்போது நினைத்துக்கொள்வேன்.