நோய் குறைந்ததா, சோதனை குறைந்ததா?

தாமிரபரணிப் பாசனத்தில் பழகிய உழவர்களுக்கு ஒரு செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கன்னடியன் கால்வாயின் தலைமதகை இறக்கிவிட்டால் கடைமடையில் தண்ணீர் குறையும். அதைக் கண்டு, ஆற்றிலேயே தண்ணீர் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் காசநோய்க் கணக்கைப் படிக்கும்போது இத்தவற்றை நாம் எளிதிற் செய்துவிடுகிறோம்.

2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் காசநோயாளிகள் எனக் கண்டறிந்து பதிவு செய்யப்பட்டோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். அடுத்த ஆண்டில் இத்தொகை 18 இலட்சமாக இறங்கியது. அஃதாவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உலகம் முழுவதிலும் இதே நிலைதான். 71 இலட்சமாக இருந்த பதிவு 58 இலட்சமாயிற்று. இடையில் நேர்ந்தது யாவரும் அறிந்ததே. 2020 மார்ச்சுத் திங்களின் இறுதியில் கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு வந்தது. நோயே குறைந்திருந்தால் சாவும் குறைந்திருக்க வேண்டுமன்றோ? ஆனால் அவ்வாண்டில் உலகக் காசநோய்ச் சாவுகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கி வந்த நிலை மாறி, மீண்டும் ஏறின என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பதிவேட்டிலிருந்து விடுபட்ட அந்த ஆறு இலட்சம் பேரும் நலமாக வீட்டில் இருந்தவர்கள் அல்லர். அவர்களுட் பெரும்பாலோர் கண்டறியப்படாமல் இருமிக்கொண்டிருந்தவர்கள்.

மதகு எவ்வாறு அடைபட்டது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் வயற்கூலித் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிசான அறுவடையின்போதே அவருக்கு இருமல் தொடங்குகிறது. மாலையில் இலேசான காய்ச்சல், உடல் இளைக்கிறது. வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாளைக் கடத்துகிறார். பங்குனி பிறந்த சில நாட்களில் பஸ் நின்றுவிடுகிறது. பக்கத்து ஊரிலுள்ள தனியார் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கிறது. ஆனால் இருமலும் காய்ச்சலும் கொரோனாவுக்கும் உரிய அடையாளங்கள். இருமுகிறேன் என்று வாய்திறந்தால் முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்களோ, வீட்டு வாசலில் தட்டி கட்டிவிடுவார்களோ என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. ஆகவே இருமலை அடக்கிக்கொள்கிறார். கார் நடவுக்குத் தண்ணீர் திறக்கும் ஆனித் திங்களில் அவரால் வரப்பில் நிற்கக்கூட முடிவதில்லை. இவர் நாம் கற்பனையாகக் கூறும் மனிதர். ஆனால் இவரைப்போன்ற ஒருவரை அறியாத ஊர் நம் பள்ளத்தாக்கில் இராது.

முக்கூடல், மேலப்பாளையம் போன்ற இடங்களில் பீடி சுற்றும் பெண்களின் நிலையோ இன்னும் இக்கட்டானது. அவர்களுக்கு இருமல் வந்தால் அது புகையிலைத் தூசியினால் வந்தது என்று வீட்டாரும் சொல்வர். அவர்களும் அதை நம்பிவிடுவர். கொள்ளைநோய் இல்லாத காலத்திலேயே பின்தங்கிப் பரிசோதனைக்கு வருவோர் இவர்கள்.

மருத்துவத் துறையின் பக்கத்திலும் அடைப்பு இருந்தது. நெஞ்சுச் சளியில் காசக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் என்னும் கருவிகளே கொரோனாப் பரிசோதனைக்கும் பயன்பட்டன. சளியை எடுத்தனுப்பிய பணியாளர்கள் வீடுவீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கச் சென்றார்கள். அந்த நெருக்கடியில் வேறு செய்வது அரிதாக இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரு நோயை அடக்கப் புறப்பட்ட படை, மற்றொரு நோயின் காவலிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும். 2020 ஆகஸ்டில்தான், கொரோனா நோயாளிக்குக் காசநோய்ச் சோதனையும், காசநோயாளிக்குக் கொரோனாச் சோதனையும் செய்யவேண்டுமென்று மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டியது.

இவ்விடையூறு ஏன் இத்துணைக் கேடு விளைத்தது என்பதற்கு ஒரு பழைய வரலாற்றை நினைவுகூர வேண்டும். முன்பு காசநோயாளியை ஊரைவிட்டுப் பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருப்பதே முறையாக இருந்தது. நோயாளிகள் இலட்சக்கணக்கிலும் படுக்கைகள் ஆயிரக்கணக்கிலும் இருந்த நாட்டில் அம்முறை எத்தனை பேருக்கு எட்டும்? 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரைத் தம் எளிய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் தனியே தீங்கு மிகுந்ததாகவும் தெரியவில்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. அந்நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. தமிழ்நாட்டார் பெருமை கொள்ளத்தக்க செய்திதான். ஆனால் அதனுடன் ஒரு பொறுப்பும் வந்தது. அன்றுமுதல் காசநோய்க்கு ஆஸ்பத்திரிச் சுவரைவிட, நோயாளியின் வீட்டுக்கும் மருந்து நிலையத்துக்கும் இடையிலுள்ள பாதையே முக்கியமாயிற்று. 2020-இல் அறுந்தது அந்தப் பாதைதான்.

பாதை அறுந்தால் இருவகைத் தீங்கு உண்டு. மருந்து உண்ணாத நோயாளி ஒருவர் ஓராண்டில், தம்மோடு நெருங்கிப் பழகுவோரில் 5 முதல் 15 பேருக்குக் கிருமியைத் தரக்கூடும். மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இப்பரவல் பெரிதும் அடங்கிவிடும். ஆதலால் மூன்று மாதத் தாமதம் என்பது ஒருவருடைய தாமதமாக நின்றுவிடுவதில்லை. இரண்டாவது, ஆறு மாதம் உண்ணவேண்டிய மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

பெருந்தொற்றின் மற்றொரு கேடு அடுப்படியில் நிகழ்ந்தது. கூலி நின்றது; உணவு சுருங்கியது. கிருமி உடலுக்குள் புகுந்தவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. உடல் நலிந்தவரிடமே அது பெரும்பாலும் தலையெடுக்கிறது. இதற்கு ஐயமற்ற சான்று 2023-இல் கிடைத்தது. ஜார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தார்க்கு, ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்து ஆராய்ந்தார்கள். அவ்வுணவைப் பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் இவ்வளவு செய்யுமானால், நெல் விளையும் நம் பள்ளத்தாக்கில் நோயாளி வீட்டு உலை கொதிக்கவில்லை என்று கேட்பது நமக்கு நாணமான செய்தியன்றோ? நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளிக்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததா என்று கேட்டறிவது உறுப்பினர்களால் ஆகக்கூடிய பணியே.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இங்கே குறிப்பிடத்தக்கது. நோய் கண்டறிந்தவுடனே நோயாளியின் எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மிக நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே அதன் முறை. தாமதித்து வருவோரே மிகுதியும் இறக்கின்றனர் என்ற உண்மையின்மேல் எழுந்த திட்டம் இது.

பெருந்தொற்று தணிந்தபின் 2022-இல் நாட்டின் பதிவு மீண்டும் 24 இலட்சத்தை எட்டியது. 2023-இல் 25 இலட்சத்தைத் தாண்டியது. இதைக் கண்டு அஞ்சியவர் உண்டு. நாமோ அதை நற்செய்தியாகவே கொள்கிறோம். மதகு மீண்டும் திறந்ததற்கு அது அடையாளம்.

ஊராட்சிகளுக்கு இதில் நேரான தொடர்பு உண்டு. 2023 மார்ச்சு 24-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட காசநோயற்ற ஊராட்சித் திட்டத்தின்படி, ஓர் ஊராட்சி சான்று பெற, ஆயிரம் பேருக்கு ஓராண்டில் கண்டறியப்படும் நோயாளி ஒருவருக்கு மேற்படலாகாது. இந்த விதி மட்டும் இருந்திருந்தால் சோதனையே செய்யாத ஊர் முதற்பரிசு பெற்றுவிடும்! ஆகவே மற்றொரு விதியையும் சேர்த்தனர். ஆயிரம் பேருக்கு 30 பேரையேனும் அவ்வாண்டில் சோதித்திருக்க வேண்டும். மூவாயிரம் மக்கள் வாழும் ஊராட்சிக்கு இது 90 சோதனையாகும். பத்துப் பேரைச் சோதித்து ஒரு நோயாளியைக் கண்ட ஊரும், தொண்ணூறு பேரைச் சோதித்து ஒருவரைக் கண்ட ஊரும் ஒன்றல்ல என்பதை உறுப்பினர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச்சு 22-ஆம் நாளும் கிராம சபை கூடுகிறது. உலகக் காசநோய் நாளுக்கு இரு நாள் முந்தியது அது. அன்று கிராம சுகாதார செவிலியரை அழைத்து, ஊரில் எத்தனை பேர் சளி கொடுத்தனர், எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் கொடுக்கவில்லை, மருந்தை நடுவில் நிறுத்தியவர் உண்டா என்று கேட்கலாம். எண்ணிக்கையை மட்டும் கேட்கவேண்டும். நோயாளியின் பெயரைச் சபையிற் படிக்கலாகாது. பெயர் வெளிப்பட்டால் அடுத்தவர் இருமலை மறைப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைக் கூட்டம் கலைந்தபின் தனியே அழைத்துப் பேசி, மறுநாட் காலையில் சளிக் குப்பியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைப்பதற்கு ஒரு வண்டி இருந்தாற் போதும்.