பனிமலை பக்கத்தில் இருந்தால் போதுமா?
கல்லூரித் தேர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் அது 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் நடுப்பகுதி. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் புரட்ட வேண்டியதும் அந்த நேரத்தில்தான். அப்போது கட்டுமாவடியில் ஒரு பிள்ளை, "பனிச்சறுக்கு, மலையேற்றம் எல்லாம் கத்துக்கிற மாதிரி ஒரு காலேஜ்ல சேரணும்" என்று வாய் திறந்தால் வீட்டில் என்ன பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "படிக்கப் போறியா, விளையாடப் போறியா?"

ஆசையில் தப்பில்லை. செல்போனில் காஷ்மீரின் குல்மார்க் பனிச்சரிவைப் பார்க்கும் பிள்ளைக்கு அது தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்த ஆசையைச் சுற்றி ஊரில் உலவும் பேச்சில் பாதி தவறு. தடுப்பவர்களும் தவறாகச் சொல்கிறார்கள், தூண்டிவிடுபவர்களும் தவறாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பனிச்சறுக்கு கற்க வேண்டுமென்றால் பனிமலைக்குப் பக்கத்துக் கல்லூரியில்தான் சேர வேண்டும்.

உண்மை: நம் நாட்டில் பனிச்சறுக்கைக் கல்லூரிகள் கற்றுத் தருவதில்லை. அதற்கென்று தனி நிறுவனங்கள் இருக்கின்றன. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் ஒன்று. மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம் இன்னொன்று. பக்கத்துச் சோலாங் சரிவுகளில் அதன் பனிச்சறுக்குப் பயிற்சி நடக்கிறது. தொடக்கநிலை வகுப்பு ஏறத்தாழ இரண்டு வாரம். எந்த ஊர்க் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வாரப் பயிற்சிக்காக நான்கு வருடப் படிப்பை இடம் மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது.

பனிக்கு அருகில் நல்ல கல்லூரிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீநகர் என்.ஐ.டி.யிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்தான். என்.ஐ.டி.களில் ஏறத்தாழ பாதி இடங்கள் வெளிமாநில மாணவர்களுக்கு என்பதால், ஜே.இ.இ. எழுதிய புதுக்கோட்டை மாவட்டப் பிள்ளைக்கும் அங்கே வழி உண்டு. ஆனால் காஷ்மீரில் கல்லூரிகளுக்கு நீண்ட விடுமுறை விடுவது கடுங்குளிர் காலத்தில். பனிச்சறுக்குப் பருவமும் அதேதான். அந்த விடுமுறையில் ஊருக்கு வந்துவிட்டால் பனி கைவிட்டுப் போகும். பயிற்சிக்குத் தங்கினால் ஊர் கைவிட்டுப் போகும். மண்டி ஐ.ஐ.டி.யைப் பனிமலைக் கல்லூரி என்று நினைப்பவர்களும் உண்டு. அது இமயமலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் சறுக்கும் சரிவுக்கு அங்கிருந்து மணாலியையும் தாண்டிப் போக வேண்டும்.

எனவே வரைபடத்தைவிடக் காலண்டரைப் பார்ப்பது முக்கியம். குல்மார்க்கிலும் உத்தரகாண்டின் அவுலியிலும் பனி நன்றாக இருப்பது ஜனவரி, பிப்ரவரியில். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அப்போது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். நம் கோடை விடுமுறைக்குள் அடங்குவது பனிச்சறுக்கு அல்ல, மலையேற்றப் பயிற்சி. உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் உள்ள மலையேற்ற நிறுவனங்கள் கோடையிலும் அடிப்படைப் பயிற்சி நடத்துகின்றன. அதற்கு நான்கு வாரம் அளவில் ஆகும். தமிழ்நாட்டில் படித்துக்கொண்டே மலைக்குப் போக நினைப்பவருக்கு முதல் வாசல் இதுதான்.

நம்பிக்கை 2: அவ்வளவு தூரம் எதற்கு? ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சேர்ந்தால் பனியும் கிடைக்கும், மலையும் கிடைக்கும்.

உண்மை: டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளி வெள்ளையாகத் தெரிவது உறைபனி. காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிரில் தரையில் உறைந்து படிவது அது. வெயில் ஏறியதும் போய்விடும். சறுக்குவதற்கு வானத்திலிருந்து பொழிந்து, அடுக்கடுக்காகக் குவிந்து, வாரக்கணக்கில் கரையாமல் கிடக்கும் பனி வேண்டும். அது தமிழ்நாட்டில் எங்கும் இல்லை.

மலை உண்டு, ஆனால் அங்கேயும் நினைத்தபடி நடந்துவிட முடியாது. அவை வனத்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள காடுகள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். இந்த முன்பதிவை ஊட்டி விடுதியிலிருந்தும் செய்யலாம், அறந்தாங்கி வீட்டிலிருந்தும் செய்யலாம். கல்லூரி விளம்பரத்தாளில் கட்டடத்துக்குப் பின்னால் மலை தெரிகிறது என்பதால், அந்தக் கல்லூரி உங்களை மலைக்கு அழைத்துப் போகும் என்று அர்த்தமில்லை.

நம்பிக்கை 3: கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலை ஒத்துவராது.

உண்மை: சென்னையை அடுத்த கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். அதே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வியும் ஏறி, எவரெஸ்ட் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் பதக்கம் வாங்கும் பவானி, பனியே விழாத குடகுக்காரர். பிறந்த ஊரின் உயரம் யாரையும் தடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான பேச்சும் நம்மூரில் உண்டு. "வலை இழுத்த உடம்பு, எதையும் தாங்கும்" என்பார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு வரலாம். குல்மார்க்கே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. உடல் வலிமைக்கும் இந்த உயர நோய்க்கும் தொடர்பில்லை, பயில்வானுக்கும் வரும். மெதுவாக ஏறி, உடம்பைப் பழக்கி, தலைவலி வந்தால் மேலே போகாமல் நிற்பதுதான் தற்காப்பு. பயிற்சி நிறுவனங்கள் முதலில் சொல்லித் தருவதும் இதைத்தான்.

நம்பிக்கை 4: இதெல்லாம் பணக்கார வீட்டு விளையாட்டு.

உண்மை: கற்றுக்கொள்வதற்கும் போட்டியிடுவதற்கும் செலவு வேறு வேறு. அரசு நிறுவனங்களில் சறுக்குக் கட்டை, காலணி, தங்குமிடம், சாப்பாடு பெரும்பாலும் பயிற்சிக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். பெரிய செலவு ரயிலுக்குத்தான். என்.சி.சி. மாணவராக இருந்தால் நிலைமை இன்னும் மேல். உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி போன்ற இடங்களுக்கு என்.சி.சி. தன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. 2013இலும் 2016இலும் 2025இலும் என்.சி.சி. அணிகள் எவரெஸ்ட் ஏறின. அவற்றில் இருந்த என்.சி.சி. மாணவர்கள் கல்லூரி வயதுப் பிள்ளைகள்தான்.

சர்வதேசப் போட்டி என்று வந்தால் அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர், குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான். பனிச்சரிவின் அடியிலேயே வளர்ந்தவருக்கும் வெளிநாட்டுப் பயிற்சிக்கும் தகுதிப் போட்டிகளுக்கும் பணம் திரட்டுவது பெரும்பாடாக இருந்தது. ஆகவே பழகுவதற்கு ஆசைப்படுங்கள். ஒலிம்பிக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

நம்பிக்கை 5: பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அங்கே மதிப்பெண் கிடைப்பது, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளில் மாநில, தேசிய, சர்வதேச அளவில் போட்டியிட்டதற்கும் வென்றதற்கும்தான். மலையேற்றப் பயிற்சியில் 'ஏ' கிரேடு வாங்கியது பெருமைதான். ஆனால் அது போட்டிச் சான்றிதழ் ஆகாது. எந்தெந்த விளையாட்டு பட்டியலில் இருக்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். "நான் வாங்கித் தர்றேன்" என்று இடையில் வருகிறவரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நம்பிக்கை 6: கட்டுமாவடியில் என்ன இருக்கிறது? கடல் நாம் பார்க்காததா?

உண்மை: பார்த்திருக்கிறோம், விளையாட்டாகப் பழகியிருக்கிறோமா என்பது வேறு. நம் கடலில் அலைச்சறுக்கு செய்ய முடியாது என்பது சரி. தெற்கிலிருந்து வரும் பெரிய அலைகளை இலங்கை மறித்து நிற்கிறது. பாக் விரிகுடாவும் ஆழம் குறைந்தது. அதனால்தான் அலைச்சறுக்குப் பள்ளிகள் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இருக்கின்றன. ஆனால் அதே அமைதியான நீர், துடுப்புப் படகுக்கும் பாய்மரப் படகுக்கும் காற்றுப் பட்டத்தில் சறுக்குவதற்கும் ஏற்றது. ராமேசுவரம் பக்கம் அந்தப் பட்டச் சறுக்கலைக் கற்க வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள்.

தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. படகின் குறுக்கே பலகையை நீட்டி, அதன் நுனியில் ஆள் ஏறி நின்று சாய்வைச் சரிக்கட்டுவது இந்தக் கடற்கரையின் பழைய வித்தை. ஒலிம்பிக் பாய்மரப் படகில் வீராங்கனை உடம்பை வெளியே சாய்த்துச் செய்வதும் இதே வேலைதான். அந்தப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து தகுதி பெற்ற முதல் பெண் சென்னை நேத்ரா குமணன். 2009இல் ஒரு கோடைகால முகாமில் பழக ஆரம்பித்தவர், சென்னையிலேயே பொறியியல் படித்தபடி 2021இல் டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார். அவர் பனியைத் தேடிப் போகவில்லை. தன் ஊர்க் கடலில் தொடங்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இதுவே முதல். கட்டுமாவடி இதற்கு நடுவில் இருக்கிறது. கடல் உயிரியலும் மீன்வளமும் படிக்கும் பிள்ளைக்கு, மற்ற ஊர் மாணவர்கள் பஸ் பிடித்து வர வேண்டிய களம் வாசலிலேயே கிடைக்கிறது.

நம்பிக்கை 7: வெளியில் சுற்றினால் படிப்பு கெடும், வேலை கிடைக்காது.

உண்மை: அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிக்குச் சொந்தமாகப் பனிச்சறுக்கு மலையே இருக்கிறது, அதன் மாணவர் வெளிக்கள விளையாட்டுச் சங்கம் 1909இல் தொடங்கியது. மிடில்பரி கல்லூரியில் பிப்ரவரியில் பட்டம் பெறுகிறவர்கள் பட்ட அங்கியோடு பனியில் சறுக்கி இறங்குவது வழக்கம். இரண்டும் அந்த நாட்டின் முன்னணிக் கல்லூரிகள். விளையாட்டால் அங்கே படிப்பு கெடவில்லை.

இங்கேயும் வழி இருக்கிறது. என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரி, ராணுவ அதிகாரி பணிக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத் தேர்வு வாரியத்தைச் சந்திக்கலாம். கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் சேர மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்தியிருக்கிறது. படிப்பைக் கெடுப்பது மலை அல்ல, வருகைப் பதிவு. அது 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுவாகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். நான்கு வாரப் பயிற்சி செமஸ்டருக்குள் வந்தால், அந்த நாட்களை வருகையாகக் கணக்கிடும் 'ஓ.டி.'யைக் கல்லூரி கொடுக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே கலந்தாய்வுக்குப் போகும் முன், மனதில் வைத்திருக்கும் கல்லூரியிடம் இவற்றைக் கேளுங்கள். என்.சி.சி. இருக்கிறதா, தரைப்படையா கடற்படையா, உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் இடம் இருக்கிறதா? கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை பேரை மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்? பயிற்சி நாட்களுக்கு ஓ.டி. உண்டா, அதை எழுத்தில் தருவார்களா? பெண் பிள்ளைகளையும் அனுப்புகிறார்களா? உத்தரகாசியும் டார்ஜிலிங்கும் பெண்களுக்கெனத் தனிப் பயிற்சியே நடத்துவதால், "வசதியில்லை" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. முதல்வர் அறையில் கேட்பதோடு நிறுத்தாமல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்தும் கேளுங்கள். சரியான பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்லும் கல்லூரி பேராவூரணியில் இருந்தாலும் சரி, அறந்தாங்கியில் இருந்தாலும் சரி, பதில் சொல்லாமல் பனிமலை படத்தைக் காட்டும் கல்லூரியைவிட அதுவே பிள்ளையை மலைக்கு அருகில் கொண்டுபோகும். பாடப்பிரிவைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். விடுமுறையைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுங்கள்.