"போர்டு போயிடுச்சு" என்று சொல்வதற்கு முன்

ஏசி ஓடவில்லை, ஓடி ஓடி நின்றுவிடுகிறது, காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை, முகப்பில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. குறை எதுவானாலும் கோடையில் நம் வீடுகளில் கேட்கும் தீர்ப்பு ஒன்றாகவே இருக்கிறது: "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்." பிசிபி என்றும் போர்டு என்றும் சொல்லப்படும் இந்தக் கட்டுப்பாட்டுப் பலகை, இன்வெர்ட்டர் ஏசிகளில் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பொருள். எல்லாக் கோளாறும் போர்டின் கோளாறே என்ற நம்பிக்கைதான் ஏசி பழுதுபார்ப்பில் வீட்டுக்காரருக்கு வீண் செலவு வைக்கிறது என்பது என் கருத்து. போர்டுக்குச் சொந்தமாகக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. சென்சார் சொல்லும் வெப்பநிலை, வயர் வழியே வரும் சிக்னல், வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஆகியவற்றை நம்பியே அது கம்ப்ரசரை ஓட்டுகிறது, அல்லது நிறுத்துகிறது. தகவல் தப்பாக வந்தால் முடிவும் தப்பாகத்தான் இருக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை.

கோளாறே இல்லாத நேரத்திலும் போர்டு பழி சுமப்பதுண்டு. கரண்ட் போய் வந்தவுடன் ஏசியைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றும், வெளியே கம்ப்ரசர் எழாது. சுமார் 3 நிமிடம் இப்படியே இருக்கும். கம்ப்ரசரின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும்போது மறுபடி கிளப்பினால் மோட்டார் திணறும். இரு பக்கமும் சமமாகட்டும் என்று போர்டு காத்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் வைக்கப்படும் ஹாட் அண்டு கோல்டு ஏசிகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் அதிகம். ஹீட் மோடில் போட்டதும் உள்விசிறி உடனே வேகமெடுக்காது. காயில் சூடேறுவதற்கு முன் சுற்றினால் அறைக்குள் குளிர்காற்றுதான் அடிக்கும். பனிக்கால இரவில் வெளி யூனிட்டின் காயிலில் உறைபனி படிந்தால், போர்டு சூடாக்குவதைச் சில நிமிடம் நிறுத்தி, கேஸ் ஓடும் திசையைத் திருப்பி அந்தப் பனியை உருக்கும். அப்போது வெளி யூனிட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பும். பயந்து மெயினை அணைக்க வேண்டியதில்லை. போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

அடுத்த நம்பிக்கை எர்ரர் கோடு பற்றியது. டிஸ்பிளேவில் எழுத்தும் எண்ணும் மின்னினால் போர்டு செத்துவிட்டது என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். கோடு காட்டும் அளவுக்குப் போர்டின் பவர் சப்ளையும் அதன் மூளையான சிப்பும் உயிரோடு இருக்கின்றன என்பதே அதிலிருந்து முதலில் தெரிவது. எந்த வழியில் வந்த தகவல் பொருந்தவில்லை என்பதை மட்டுமே கோடு சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அதற்குத் தெரியாது. டைக்கின் ஏசியில் 'யு4' என்றால் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே தகவல் போகவில்லை என்று பொருள். இடையிலுள்ள வயர் அறுந்திருக்கலாம், வெளி யூனிட்டுக்குக் கரண்டே போகாமல் இருக்கலாம், இரண்டு போர்டுகளில் ஒன்று கெட்டுமிருக்கலாம். கேஸ் குறைவு என்று காட்டும் கோடும் அப்படியே. போர்டு கேஸை எடை போட்டுப் பார்ப்பதில்லை. குழாய்களின் வெப்பநிலை, கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட் போன்றவற்றைக் கொண்டு ஊகிக்கிறது. ஒரு நிறுவனத்தின் கோடு அட்டவணையை வேறொரு நிறுவனத்தின் ஏசிக்குப் பொருத்துவதும் தவறு. ஒரே குறி இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம் தரும். கோடு தெரிந்தவுடன் மெயினை அணைக்காமல் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்துப் போட்டதும் அதை மறந்துவிடும் மாடல்கள் இருக்கின்றன.

ஏமாற்றுவதில் முதலிடம் சென்சாருக்குத்தான். ஏசிக்குள் இருக்கும் வெப்பநிலை சென்சார் என்பது இரண்டு மெல்லிய வயரின் நுனியில் இருக்கும் ஒரு தெர்மிஸ்டர், அவ்வளவே. அறைக் காற்றை அறிய பில்டருக்குப் பின்னால் ஒன்று, காயிலின் சூட்டை அறிய செப்புக் குழாயில் பற்றவைத்த சிறு உறைக்குள் ஒன்று, வெளி யூனிட்டில் வேறு சில. சூடு ஏறினால் இவற்றின் மின்தடை இறங்கும். உள் யூனிட்டில் வருபவை பெரும்பாலும் 25 டிகிரியில் 5 அல்லது 10 கிலோ ஓம் காட்டும் ரகம். மெயினை அணைத்து, சென்சாரின் பின்னை போர்டிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். 10 கிலோ ஓம் சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் அளவு மெல்ல இறங்கி 6, 7 பக்கம் வந்து நிற்கும். ஐஸ் தண்ணீரில் விட்டால் 30-ஐ ஒட்டி ஏறும். ஏறுவதும் இறங்குவதும் தாவலில்லாமல் சீராக நடக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. அனேகமாக எலியின் வேலை. இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது நிலைதான் வம்பு. சென்சார் அறுபடவில்லை, ஆனால் அதன் அளவு மாறிவிட்டது. இப்படி மின்தடை கூடிப்போன காயில் சென்சார், காயில் நிஜத்தில் இருப்பதைவிடக் குளிர்ந்துவிட்டதாகப் போர்டுக்குச் சொல்லும். பனிக்கட்டி கட்டப்போகிறது என்று நினைத்துப் போர்டு கம்ப்ரசரை நிறுத்தும். அறை புழுங்கும். பார்ப்பவர் "போர்டு கட் பண்ணுது" என்பார். அவர் பார்த்தது உண்மைதான், போர்டுதான் நிறுத்துகிறது. ஆனால் அதை நிறுத்த வைத்தது சில நூறு ரூபாய் சென்சார். பில்டரில் தூசி அடைத்துக் காற்று ஓடாமல் காயில் நிஜமாகவே உறைந்தாலும் இதே குறைதான் தெரியும். அங்கே சென்சாரும் சரி, போர்டும் சரி. பில்டரைக் கழுவிப் போட்டாலே ஏசி ஓடும்.

"லைனையும் நியூட்ரலையும் எப்படி மாத்திக் குடுத்தாலும் ஏசி ஓடும்" என்று பொருத்துகிற வேலையில் ஒரு நம்பிக்கை உண்டு. பழைய பிக்சட் ஸ்பீடு ஏசிகளில் மாற்றிக் கொடுத்தாலும் ஓடியிருக்கும் என்பதால் அது இன்னும் உயிரோடிருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசியில் உள் போர்டும் வெளி போர்டும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். லைன், நியூட்ரல், எர்த் தவிர சிக்னலுக்கென்று தனி வயர் போகிறது, பல மாடல்களில் அந்தச் சிக்னல் நியூட்ரலைத் துணையாகக் கொண்டே திரும்புகிறது. ஒரு முனையில் வரிசை மாறிவிட்டால் பேச்சு அறுந்து, சில நிமிடத்தில் கோடு விழும். யூனிட்டை இடம் மாற்றியபோதோ கேபிள் போதாமல் நடுவில் ஒட்டுப்போட்டபோதோ தொடங்கிய குறை என்றால், போர்டைத் தொடுவதற்கு முன் இரண்டு முனையிலும் டெர்மினல் வரிசையைப் பார்க்க வேண்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் பச்சை பூத்து, கரண்ட்டை ஒருவாறு கடத்திக்கொண்டே சிக்னலைக் கெடுத்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் சிக்னல் வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீட்டரை வைப்பார். பேச்சு நடந்தால் அளவு ஒரே இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருக்கும். அசையாமல் நின்றால்தான் எந்தப் பக்கம் ஊமையாகிவிட்டது என்று தேட வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. வரும் மின்சாரத்தை அது முதலில் நேர் மின்சாரமாக்கிக்கொண்டு, பிறகு தனக்குத் தேவையானபடி கம்ப்ரசருக்குக் கொடுக்கிறது. ஆகவே ஏற்ற இறக்கத்தைப் பழைய ஏசிகளைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் தாங்கும் எல்லை என்று ஒன்று இருக்கிறது, அது மாடலுக்கு மாடல் மாறும். நம் ஊரில் போர்டைக் கொல்வது வழக்கமான ஏற்ற இறக்கத்தைவிட, நியூட்ரல் அறுவதுதான். மும்முனை இணைப்பில் தெருவிலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கழன்றால், 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 400-ஐ நெருங்கிய வோல்டேஜ் வந்து நிற்கக்கூடும். அந்த நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஏதாவது ஒன்று, ஸ்டெபிலைசரின் ஹை கட்-ஆஃப் ஆனாலும் சரி, தனி வோல்டேஜ் புரொடெக்டர் ஆனாலும் சரி, இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படி வோல்டேஜ் ஏறிய வீட்டிலும் முழு போர்டும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. கரண்ட் நுழையும் இடத்திலேயே கண்ணாடி பியூஸ் ஒன்றும், அதன் பக்கத்தில் வட்ட வில்லையாக வேரிஸ்டர் ஒன்றும் இருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் வேரிஸ்டர் தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு பியூஸைப் போக வைக்கும். பின்னாலிருக்கும் விலை கூடிய பாகங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். வெடித்துக் கறுத்த வேரிஸ்டரைப் பார்த்தவுடன் "போர்டே எரிஞ்சுபோச்சு" என்று முடிவு கட்டுவது, காப்பாற்றியதையே காரணமாகக் காட்டிப் போர்டைத் தூக்கிப்போடுவதாகும். அதே அளவுள்ள வேரிஸ்டரும் பியூஸும் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. பியூஸ் இருந்த இடத்தில் வயர் கட்டி ஓட்டுவது தீ விபத்துக்கு வழி. யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

போர்டு நிஜமாகவே கெடுவதும் உண்டு, அதை மறுக்கவில்லை. வெளி யூனிட்டின் போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே பல்லி விழுந்து ஷார்ட் ஆவதும், ரிலேயில் எறும்பு புகுவதும், கெபாசிட்டர் தலை வீங்குவதும் நடக்கிறவைதான். ஆனால் கம்ப்ரசரை ஓட்டும் பவர் மாட்யூல் வெடித்திருந்தால், அது ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் புதுப் போர்டைப் போடவே கூடாது. கம்ப்ரசரின் மூன்று முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முனைக்கும் உடம்புக்கும் இடையே கசிவு இருக்கக் கூடாது. இது தப்பினால் புதுப் போர்டும் அதே வழியில் போகும். இந்த வேலை வீட்டுக்காரர் செய்கிற வேலையில்லை. 230 வோல்ட் திருத்தப்படும்போது உச்சம் 325 வரை போகிறது. அந்த வோல்டேஜை வெளி போர்டின் பெரிய கெபாசிட்டர்கள் மெயினை அணைத்த பிறகும் பிடித்து வைத்திருக்கும். பத்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றானபின் "எந்தப் போர்டானாலும் பின் பொருந்தினா போதும்" என்பது இன்னொரு தவறான எண்ணம். பிக்சட் ஸ்பீடு ஏசிக்கு யுனிவர்சல் போர்டு போட்டு ஓட்ட முடியும், அதன் சென்சாரையும் சேர்த்து மாற்றினால். போர்டு 5 கிலோ ஓம் எதிர்பார்க்கும் இடத்தில் பழைய 10 கிலோ ஓம் சென்சாரை விட்டுவைத்தால் அது வேறு வெப்பநிலையைப் படித்துக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டரில் இந்தச் சலுகையும் கிடையாது. போர்டுக்குள் எழுதப்பட்டிருப்பது குறிப்பிட்ட ஒரு கம்ப்ரசரை ஓட்டும் முறை. சில நிறுவனங்களின் ஏசியில் மாடல் விவரம் இருக்கும் சிறு மெமரி சிப்பைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் செருக வேண்டியிருக்கும். ஜம்பர்களின் இடமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் எல்லா கனெக்டரும் தெரியும்படி போனில் படம் எடுத்துவைப்பதும், பவர் மாட்யூலுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் தடவுவதும் சின்ன வேலைகள். பேஸ்ட் இல்லாமல் முடுக்கிய புதுப் போர்டு மே மாத வெயிலில் சூடேறி நிற்கும்போது, "புதுப் போர்டும் டூப்ளிகேட்" என்ற அடுத்த கதை பிறக்கிறது.

மெக்கானிக்குகள் இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வைத்திருக்கிறார்கள். சீசனில் ஒரு நாளைக்குப் பல வீடு ஏறி இறங்குகிறவருக்கு ஒவ்வொரு சென்சாரையும் அளக்க நேரமில்லை. கையிலிருக்கும் நல்ல போர்டை மாட்டிப் பார்ப்பதே வேகமான சோதனை. அளந்து பார்த்துச் சென்சார் மட்டும் மாற்றினால் வாடிக்கையாளர் உழைப்புக்குக் கூலி தருவதில்லை. கடைசியாகச் சொன்னது நம் தவறு, ஒப்புக்கொள்ள வேண்டும். பாகத்துக்கு 8,000 கொடுப்பவர்கள் கண்டுபிடித்த அறிவுக்கு 800 கொடுக்கத் தயங்கினால், பாகம் மாற்றுவதுதான் தொழிலாக மாறும். போர்டை மாட்டிப் பார்க்கும் முறையை மட்டும் ஏற்க முடியவில்லை. வயரிலோ கம்ப்ரசரிலோ ஷார்ட் இருந்தால் சோதனைக்கு வந்த நல்ல போர்டும் சேர்ந்து போகும். லூஸ் கனெக்ஷனாக இருந்தால் கழற்றி மாட்டியதிலேயே குறை தற்காலிகமாகச் சரியாகி, புதுப் போர்டுக்குப் பேர் கிடைத்துவிடும்.

எனவே "போர்டு மாத்தணும்" என்று கேட்டால், என்ன அளந்தீர்கள், எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரைக் காட்டியே சொல்வார். கழற்றிய போர்டு உங்கள் பொருள். உத்தரவாதத்தில் மாற்றினாலொழிய அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போர்டு ரிப்பேர் செய்பவர்களிடம் காட்டினால் பல நேரம் ஒரு ரிலேயோ கெபாசிட்டரோ மாற்றித் தருவார்கள், அது ஸ்பேராகவும் இருக்கும். உத்தரவாத அட்டையில் கம்ப்ரசருக்கு 10 ஆண்டு என்று கொட்டை எழுத்தில் இருப்பதோடு நின்றுவிடாமல், பிசிபிக்கு எத்தனை ஆண்டு என்ற வரியை வாங்கும் நாளிலேயே தேடிப் படியுங்கள். நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது, வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. வெளி யூனிட்டின் மூடிக்கு உட்புறம் வயரிங் படம் ஒட்டும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே தாளில் எர்ரர் கோடுகளின் பொருளையும், ஒவ்வொரு சென்சாரும் எந்த வெப்பநிலையில் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்ற அட்டவணையையும் அச்சிட்டு ஒட்டுவதற்கு நிறுவனத்துக்குக் கூடுதலாக ஆகும் செலவு மிகச் சொற்பம்.