சிறு பிள்ளைகளோடு ரோம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரோம் நகரை முழுதாகப் பார்க்கப் பெரியவர்களுக்கே ஒரு வாரம் போதாது. நாலு வயதும் ஏழு வயதுமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். இந்தக் கணக்கை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

செய்ய வேண்டியவை

• கொலோசியத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். டிக்கெட்டில் பெயர் இருக்கும் என்பதால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். காலை முதல் நேரத்தையே தேர்ந்தெடுங்கள். கோடையில் வெயில் ஏறிவிட்டால் உள்ளே நிழல் குறைவு.

• காலி தண்ணீர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். தெருவுக்குத் தெரு ‘நசோனி’ என்ற இரும்புக் குழாய்கள் உண்டு. 1874 முதல் இருப்பவை. குடிக்க நல்ல, குளிர்ந்த நீர், காசு வேண்டாம். வளைந்த மூக்கு போன்ற குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்பக் கால் மணி நேரம் ஆகும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

• பாந்தியன் கோயிலில் ஒரு விளையாட்டு வையுங்கள். அதன் குவிமாடத்தின் உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு வட்டமான திறப்பு இருக்கிறது. கண்ணாடி கிடையாது, மழை நேரே உள்ளே விழும். அந்த நீர் வடியப் பளிங்குத் தரையில் சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள். “துளை எங்கே, கண்டுபிடி” என்றால் போதும். பிள்ளைகள் குனிந்து தேடத் தொடங்கிவிடுவார்கள்.

• லார்கோ அர்ஜென்டினாவுக்குக் கூட்டிப்போங்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட இடம் இது. இன்று அந்த இடிபாடுகளில் பூனைகள் வெயில் காய்கின்றன. சரித்திரமும் பூனையும் ஒரே இடத்தில்.

• பசியை முந்திக்கொள்ளுங்கள். பல உணவகங்கள் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். துண்டு போட்டு எடைக்கு விற்கும் பீட்சா கடைகள் அதுவரை கைகொடுக்கும்.

• உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். அவசர உதவி எண் 112.

செய்யக்கூடாதவை

• சின்னச் சக்கரத் தள்ளுவண்டியை நம்பாதீர்கள். பழைய தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்களின் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். கைக்குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டும் பையில் சுமப்பதே மேல்.

• ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார வைக்காதீர்கள். 2019 முதல் தடை, அபராதம் உண்டு.

• ட்ரெவி நீரூற்றில் கால் நனைக்க விடாதீர்கள், அதற்கும் அபராதம். காசு போடலாம். அது ஏழைகளுக்கு உதவும் கரித்தாஸ் அமைப்புக்குப் போகிறது.

• இடிபாடுகளில் பெயர் கீறவோ, கல் பொறுக்கவோ அனுமதிக்காதீர்கள். இது குற்றம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

• புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் தெரியும் உடையில் போகாதீர்கள். குவிமாடத்தின் 551 படிகளைச் சிறு பிள்ளைகளோடு ஏறத் துணியாதீர்கள்.

• மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம் என்பதற்காக அன்றைக்குப் போகாதீர்கள். நெரிசலில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

பிள்ளை சோர்ந்து தோளில் சாய்ந்தால் அன்றைய சுற்றலை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். கி.பி. 80-இல் திறந்த கொலோசியம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.