புதுத் தொழிலும் முதல் வாடிக்கையாளரும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"வேலை கிடைக்காவிட்டால் என்ன, சொந்தமாக ஒரு தொழில் தொடங்கிவிட்டால் போயிற்று" என்று நம் வகுப்புகளில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொன்னவள்தான். முதலீட்டைப் பற்றிப் பேசுவோம். கடனைப் பற்றிப் பேசுவோம். கடைக்கு என்ன பெயர் வைப்பது என்பது பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். கடையைத் திறந்த மறுநாள் காலையில் படியேறி வரப்போகிறவர் யார், அவர் ஏன் வரவேண்டும் என்பதை மட்டும் பேசுவதில்லை. கடந்த ஆனி மாதம் என் அண்ணன் கடை திறந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பண்டம் விற்பதற்கும் சேவைத் தொழிலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மளிகைக் கடையில் புளியை வாயிலிட்டுப் பார்க்கலாம். துணிக்கடையில் சேலையைக் கசக்கிப் பார்க்கலாம். பழுது பார்ப்பவரிடமும் முடி திருத்துபவரிடமும் முன்கூட்டிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வேலை முடிந்த பிறகுதான் அதன் தரம் தெரியும். அதற்குள் நம் பொருளோ, நேரமோ, தலையோ அவர் கையில் போய்விடுகிறது! ஆகவே புதியவரிடம் முதலில் போக எவரும் தயங்குவர். பக்கத்து வீட்டார் போய்வரட்டும், பார்க்கலாம் என்பர். பக்கத்து வீட்டாரும் அதையேதான் எண்ணுவர்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் பசுவந்தனை ஒட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். அந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ. சிதம்பரனாரை விடுதலை வீரராகவே நாம் படித்திருக்கிறோம். அவர் செக்கிழுத்ததை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். அவர் தொடங்கி நடத்தியதும் ஒரு சேவைத் தொழில்தான் என்பது இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வழியில் புதிதாக ஒருவர் கப்பல் விட்டால் யார் ஏறுவார்? 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பணம் திரட்டுவதற்காகவே இப்படிச் சிறு பங்குகளாகப் பிரித்தார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது இன்னொன்றும் தோன்றுகிறது. பங்கு வாங்கிய வணிகர் தம் மூட்டையை எதிரியின் கப்பலில் ஏற்ற மனம் ஒப்புவாரா? பங்குதாரரைத் தேடும்போதே சரக்கு ஏற்றுவோரையும் வ.உ.சி. தேடிக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினர். எதிர்த்தரப்பின் நெருக்குதலால் அந்தக் கம்பெனி கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வ.உ.சி. சேவையை நிறுத்தவில்லை, கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். முதன்முதலாக நம்பி வந்தவர்கள் துறைமுகத்தில் நின்று ஏமாந்து திரும்பினால் இரண்டாம் முறை வருவார்களா? 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாக வந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1300 பேர் செல்லலாம். 4000 மூட்டை ஏற்றலாம்.

பின்னர் கட்டணப் போர் மூண்டது. வெள்ளையர் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அவர்களோ கட்டணமே வேண்டாம், ஏறுபவருக்குக் குடையும் இலவசம் என்று அறிவித்ததாக வரலாறு கூறுகிறது. குடைக்காகக் கப்பல் மாறியவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. வீட்டில் குடை இல்லாதவர்க்குத்தான் குடையின் அருமை தெரியும். பெரிய முதல் உள்ளவனோடு விலையில் மோதினால் சிறியவனுக்கு மூச்சு முட்டும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். நிழல்போல் கூட இருந்து நடத்தியவர் சிறை சென்றபின் கம்பெனி நிலைகுலைந்து, 1911-இல் கலைக்கப்பட்டது. காலியா எதிரியின் கைக்கே போயிற்று.

நூறாண்டு கழித்து, 2011 ஜூனில், அதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்னும் பெரிய பயணிகள் கப்பல் விடப்பட்டது. விழா, மாலை எல்லாம் குறைவின்றி நடந்தன. போதிய பயணிகள் இல்லாமல் அந்த நவம்பரிலேயே நின்றுபோனது.

இனி அண்ணன் கதைக்கு வருகிறேன். அவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படித்தவன். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். அம்மாவின் சங்கிலியை வங்கியில் 45,000 ரூபாய்க்கு அடகு வைத்து, பேட்டரி மருந்துத் தெளிப்பான்களையும் மிக்ஸி, மோட்டார் ஆகியவற்றையும் பழுது பார்க்கும் கடை வைத்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால் கணக்கு நோட்டு என்னிடம் வந்தது.

ஐந்நூறு நோட்டீசு அடித்துக் கைலாசநாதர் கோயில் வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் கொடுத்தோம். அவற்றில் பாதியையாவது மறுநாள் கடலைப் பொட்டலங்களாகப் பார்த்திருப்பேன். முதல் மாதம் கடைக்கு வந்தவர் எழுவர். அவருள் ஐவர் உறவினர். அந்த ஐவருள் காசு கொடுத்தவர் ஒருவர்! உறவினர்தாம் முதல் வாடிக்கையாளர் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பூச்சி மருந்துக் கடைக்கார அண்ணாச்சியிடம் அண்ணன் உதவி கேட்டுப் போனான். அவர் புதிய தெளிப்பான்களும் விற்கிறவர். "நீ பழச ஒக்கிட்டுக் குடுத்தா, நான் புதுச யாருகிட்ட விக்க?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பத்து நாள் கழித்து அண்ணன் மறுபடியும் போய், "நீங்க வித்ததுல கோளாறு வந்தா என்ன செய்றீங்க அண்ணாச்சி?" என்று கேட்டான். கோவில்பட்டிக்கு அனுப்பி, திரும்பி வரும்வரை வாங்கியவரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த ஏச்சு இனி வராது என்று அண்ணன் பொறுப்பேற்றான். அதன்பின் அவருடைய கடைத் திண்ணையில் வாரம் இருநாள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்து, பேட்டரிகளைக் காசு வாங்காமல் சோதித்துச் சொன்னான்.

இங்கே கொஞ்சம் இயற்பியல். இத்தெளிப்பான்களில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய–அமில பேட்டரி இருக்கும். மாசியில் அறுவடை முடிந்ததும் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே அதைப் பரணில் போட்டுவிடுகிறோம். தகடுகளில் ஈய சல்பேட்டு படிந்து இறுகிவிடுகிறது. புரட்டாசியில் எடுத்தால் மோட்டார் முனகும், மருந்து பீய்ச்சாது. மெஷினே போச்சு என்று புதியது வாங்குவோர் உண்டு. பல மெஷின்களில் போனது பேட்டரி மட்டுமே. இதைத் திண்ணையில் வைத்தே மீட்டர் முள்ளைக் காட்டி விளக்கியபோது, பழுது பார்ப்பவனின் கைத்திறன் வேலைக்கு முன்பே ஓரளவு கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனாலும் தொழிலைத் திருப்பிவிட்டவர் ஒரு கூலிக்காரர். எங்கள் பக்கத்தில் மருந்தடிப்பதற்கென்றே போகிறவர்கள் உண்டு. டேங்குக் கணக்கில் கூலி. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஒருவர் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாளை தருவதாக அண்ணன் சொன்னான். "தம்பி, மிசினு ஓடலேன்னா எனக்கு இன்னைக்குக் கூலி இல்ல. அங்க சோளக் குருத்துக்குள்ள புழு இருக்கு. அது நாளைக்கு வரைக்கும் சும்மா இருக்குமா?" என்றார். 2018-இல் தமிழ்நாட்டுக்குள் வந்த படைப்புழுவின் குணத்தை அறிந்தவர்க்கு அந்தக் கேள்வியின் அவசரம் புரியும். அண்ணன் தன் சொந்த மெஷினையே கொடுத்தனுப்பினான். மறுவாரம் பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்த இரண்டை வாங்கி உயிர் கொடுத்து, மாற்று மெஷினாக வைத்துக்கொண்டான். நாங்கள் பழுது நீக்கி விற்பதாக நினைத்திருந்தோம். அவர்கள் வாங்க வந்ததோ ஒரு நாள் வேலையை.

அதன்பின் நோட்டில் 'யார் சொல்லி வந்தார்?' என்று ஒரு பத்தி சேர்த்தேன். அடுத்த அறுபது நாளில் வந்தவர் 46 பேர். பெயர்ப் பலகை பார்த்து வந்தவர் 3, உறவினர் 6, அண்ணாச்சி அனுப்பியவர் 14, மருந்தடிக்கும் கூலிக்காரர்களும் அவர்கள் சொல்லி வந்தவர்களும் 19, மற்றவர் 4. இருபது ஏக்கர்காரர் ஒருவரைப் பிடித்தால் போதும் என்று நாங்கள் முதலில் அலைந்திருந்தோம். அவரிடம் இருப்பது இரண்டு மெஷின். கூலிக்காரரிடம் இருப்பது ஒன்றே என்றாலும், அவர் வாரத்தில் பத்துப் புஞ்சைகளில் நின்று பேசுகிறார்.

ஒரு தவற்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மாற்று மெஷினை வாங்கிப்போன ஒருவர் மக்காச்சோளத்தில் 2,4-டி களைக்கொல்லி அடித்துவிட்டுக் கழுவாமல் திருப்பித் தந்தார். அண்ணனும் பார்க்கவில்லை. அடுத்தவர் அதில் உளுந்துக்குப் பூச்சிமருந்து அடித்தார். அந்தக் களைக்கொல்லி சோளத்தை விட்டுவிடும். உளுந்து போன்ற அகன்ற இலைப் பயிர்களைக் கருக்கும். பத்து வரிசை சுருண்டுபோயின. சேதி வந்த அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஊரில் நான்கு பேர் வாயில் விழுந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான், சங்கிலியும் போய்விடும். விடியுமுன் அண்ணன் அந்தப் புஞ்சைக்குப் போனான். தன் மெஷினால் வந்தது என்று ஒப்புக்கொண்டு, 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தான். அன்று மாலையே ஒரு மெஷினுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் களைக்கொல்லிக்கு மட்டும் என்று ஒதுக்கினான். அந்த உளுந்துக்காரர் கார்த்திகையில் தம் மோட்டாரை எங்களிடம்தான் கொண்டுவந்தார். ஏன் வந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நோட்டின் பத்தியில் 'தானே' என்று எழுதினேன்.

இப்போது மருந்தடிப்புக் காலம் முடிந்துவிட்டது. அடகில் 20,000 ரூபாய் அசல் அடைந்திருக்கிறது. மெஷின் வைத்திருப்போர் மாதம் ஒருமுறை கொண்டுவந்தால் இலவசமாகச் சார்ஜ் ஏற்றித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறான். "பேட்டரி கெட்டாத்தானடா ஒனக்கு வேல?" என்று அம்மா கேட்கிறாள். சென்ற மாதம் சார்ஜ் ஏற்ற வந்தவர் ஒன்பது பேர். அவர்களில் நான்கு பேர் கையில் வீட்டு மிக்ஸியும் இருந்தது.